பையன் ஓட்டுற ரயிலும் என் டிராக்டர் கியரும்

அறுப்பு முடிஞ்சிடுச்சு. மெஷின்காரர் ரெண்டு மணி நேரத்துல வேலையை முடிச்சுட்டுப் போயிட்டார். வைக்கோல் கட்ட ஆள் வர இன்னும் ரெண்டு நாள் ஆகுமாம். கழனியில வேலை இல்லாத நாள் வருஷத்துல கொஞ்சம்தான் வரும். அதனால ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடறேன். நெல்லு, உரம், உப்புத் தண்ணி இதெல்லாம் இன்னிக்கு இல்லை. என் பையன் கம்ப்யூட்டர்ல ரயில் ஓட்டுற கதை.

நம்ம திருப்பாலைவனம் பொன்னேரியிலேர்ந்து பழவேற்காடு போற ரோட்டுல இருக்கு. ரயிலைப் பாக்கணும்னா பொன்னேரிக்குத்தான் போகணும். ஆனா இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ரயில் இல்லாம பொழப்பு இல்லை. ஏரிக்கரை குப்பத்து ஜனங்க மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு வெண்டர் பெட்டியில ஏறுவாங்க. நான் கத்திரிக்காய் மூட்டையோட ஏறுவேன். சின்ன வயசுல என் பையனைக் கூட கூட்டிட்டுப் போவேன். பிளாட்பாரத்துல உக்கார வச்சா அவன் கண்ணு மூட்டையில இருக்காது, இன்ஜின் மேலதான் இருக்கும். பேரையும் நம்பரையும் நோட்டுல எழுதி வச்சுக்குவான்.

ஐடிஐ முடிச்சான். 2018ல ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு வந்துச்சு. டெக்னீஷியன் வேலையும் சேத்து 64 ஆயிரத்துக்கு மேல இடம். ராத்திரி பகலா மோட்டார் கொட்டாயில உக்காந்து படிச்சான். ரெண்டு கம்ப்யூட்டர் பரீட்சை, அதுக்கு மேல ஒரு திறன் பரீட்சை, மூணையும் தாண்டினான். ஊர்ல எல்லாரும் "டிரைவரோட அப்பா"ன்னு என்னைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் வேணாம்னு சொல்லலை, அது என் தப்பு.

2019ல மெடிக்கல். ரயில் ஓட்டுறவங்களுக்கு ஏ-1னு ஒரு தரம், இருக்கறதுலயே கடுமையானது. கண்ணாடி போடாம ரெண்டு கண்ணும் முழுசாத் தெரியணும். அதோட ஒரு புஸ்தகம் காட்டுவாங்க. பக்கம் பூரா கலர் கலரா புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், அதைப் படிக்கணும். என் பையனுக்குப் பல பக்கத்துல புள்ளி மட்டும்தான் தெரிஞ்சுது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் திண்ணையில உக்காந்துட்டு, "எனக்கு சிவப்பும் பச்சையும் சரியாப் பிரிச்சுத் தெரியலையாம்பா. பொறக்கும்போதே இருக்கறதாம். மருந்து கிடையாதாம்"னு சொன்னான். அழலை. அவங்க அம்மாதான் அழுதா. இது தாய் வழியா பையனுக்கு வர்றதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். எங்க மாமனாருக்கும் அப்படி இருந்திருக்கும் போல. யாருக்குத் தெரியும், அந்தக் காலத்துல அவருக்கு யாரும் புள்ளிப் புஸ்தகம் காட்டலை.

எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பத்து வயசுல மிளகாய்க் கொல்லைக்கு அனுப்பி, "பழத்தை மட்டும் பறிச்சுட்டு வாடா"ன்னு சொல்லுவேன். பச்சையும் பழமும் கலந்து பறிச்சுட்டு வருவான். கவனம் இல்லாம வேலை செய்யறான்னு ரெண்டு மூணு தடவை முதுகுல வச்சிருக்கேன். ஒரு தடவை பழுத்ததையெல்லாம் செடியிலயே விட்டுட்டு வந்துட்டான். அன்னிக்கு அடி கொஞ்சம் பலம். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குப்பா"ன்னு சொன்னான். எதுத்துப் பேசறான்னு அதுக்கும் ஒண்ணு விழுந்துச்சு.

இதைப் படிக்கறவங்க வீட்டுல பையன் ரயில்வேக்குப் படிச்சான்னா, முதல்ல ஒரு கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் கலர் டெஸ்ட் எடுத்துடுங்க. பத்து நிமிஷ வேலை. ரெண்டு வருஷப் படிப்பு மிச்சமாகும், இல்லாட்டி வேற வேலைக்காவது படிப்பான்.

கொஞ்ச நாள்ல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனான். முதல் சம்பளத்துல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினான். 2020 மார்ச்ல கொரோனா வந்து பாசஞ்சர் ரயிலெல்லாம் நின்னுச்சு பாருங்க, கம்பெனியும் மூடிட்டாங்க. அப்பத்தான் ஆரம்பிச்சுது. நாடு பூரா ரயில் நின்னுடுச்சு, எங்க வீட்டு மூலையில மட்டும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

எனக்கு அது விளையாட்டாத்தான் தெரிஞ்சுது. இருபத்தஞ்சு வயசுப் பையன், நாத்து விட ஆள் கெடைக்கலை, இவன் உள்ள உக்காந்து பொம்மை ரயில் ஓட்டுறான். ஒரு நாள் கோவத்துல ப்ளக்கைப் புடுங்கிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசலை. வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னான். விடிஞ்சதும் நாத்தங்காலுக்கு வந்து என்கூட வேலையும் செஞ்சான். மத்தியானம் சாப்பிடறப்ப, "நாலு மணி நேரமா ஒரு இன்ஜினுக்குக் கணக்குப் போட்டு எழுதினேம்பா, சேவ் பண்ணலை"ன்னு மட்டும் சொன்னான். விளையாட்டுல என்னடா கணக்குன்னு அன்னிக்கு ராத்திரி போய்ப் பக்கத்துல உக்காந்தேன்.

ஸ்க்ரீன்ல ரயிலே இல்லை. வெறும் எழுத்து. ஒவ்வொரு வரியிலயும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை, ஒரு பிராக்கெட், அதுக்குள்ள ஒரு நம்பர். நம்ம கூட்டுறவு சங்கத்துக் கணக்குப் புஸ்தகம் மாதிரி இருந்துச்சு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன், எழுத்துக்கூட்டினா வருது. பவர், ஃபோர்ஸ், வெயிட், பிரேக்.

அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். 2001ல மைக்ரோசாஃப்ட் கம்பெனி ஒரு ரயில் சிமுலேட்டர் வெளியிட்டாங்க. அதுல ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு ஃபைல் உண்டு. இது எத்தனை டன், எவ்வளவு குதிரை சக்தி, எவ்வளவு இழுக்கும், அதிகபட்ச வேகம் என்ன, பிரேக் எப்படிப் பிடிக்கும் எல்லாம் அந்த ஃபைல்ல. திறந்து திருத்தலாம். அதனாலதான் உலகம் பூரா ஜனங்க அவங்கவங்க ஊர் ரயிலைச் செஞ்சு அதுல ஓட்டினாங்க. நம்ம நாட்டு இன்ஜினும் அப்படித்தான் வந்துச்சு. அந்தக் கம்பெனி ரெண்டாம் பதிப்பு வரும்னு சொல்லி ரெண்டு தடவை கைவிட்டுட்டாங்க. அப்புறம் ஆர்வம் உள்ளவங்க சேந்து ஓப்பன் ரெயில்ஸ்னு ஒண்ணை எழுதினாங்க. காசு கிடையாது. அந்த புரோகிராமை எப்படி எழுதியிருக்காங்கன்னு யாரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம். பழைய இன்ஜின் ஃபைலையும் படிக்கும், அதுக்கு மேல புதுசா நிறைய வரிகளையும் சேத்து எழுதலாம்.

ஒரு பிராக்கெட் மூட மறந்தா இன்ஜினே வராது. ஒரு மடை அடைக்காம விட்டா ராத்திரியில தண்ணி பூரா பக்கத்துக் கழனிக்குப் போயிடுமே, அந்த மாதிரி. அவன் ரெண்டு நாள் தேடின ஒரு பிராக்கெட்டை நான் ஒரு தடவை கண்டுபிடிச்சுக் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லலை. சும்மா சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அவன் அன்னிக்குப் போட்டுக்கிட்டிருந்த கணக்கு என்னன்னா, கூட்ஸ் இழுக்கற இன்ஜின் ஒண்ணு, எக்ஸ்பிரஸ் இழுக்கற இன்ஜின் ஒண்ணு. முதலாவது பேரு டபிள்யூஏஜி-9. 1990கள்ல சுவிட்சர்லாந்து ஏபிபி கம்பெனிகிட்டேயிருந்து தொழில்நுட்பம் வாங்கி, அப்புறம் மேற்கு வங்காளத்துல சித்தரஞ்சன் தொழிற்சாலையில நம்ம ஆளுங்களே செஞ்சது. ரெண்டாவது டபிள்யூஏபி-7. ராயபுரம் ஷெட்ல நிறைய இருக்கு, சென்ட்ரல்ல நீங்க பாக்கற பல எக்ஸ்பிரஸ்ல முன்னாடி இருக்கறது இதுதான். ரெண்டும் ஆறாயிரம் குதிரை சக்தி. ரெண்டும் 123 டன். ஆனா ஒண்ணு 100 கிலோமீட்டர் வேகம் போகும், இன்னொண்ணு 140 போகும்.

"வேற வேற இன்ஜினாடா?"ன்னு கேட்டேன்.

"இல்லப்பா. ஒரே இன்ஜின்தான். கூட்ஸ் இன்ஜினோட கியரை மாத்தித்தான் எக்ஸ்பிரஸ் இன்ஜின் செஞ்சாங்க."

"அப்படிச் சொல்லு. லோ கியர், ஹை கியர்."

அவன் நிமிந்து பாத்தான். என் கூட ரயிலைப் பத்தி அவன் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு.

டிராக்டர் ஓட்டுறவங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். சேடை ஓட்டும்போது கேஜ் வீலைப் போட்டுக்கிட்டு லோ கியர்ல போறோம். வண்டி ஆமை மாதிரி நகரும், ஆனா சேத்தைப் புரட்டிப் போட்டுடும். அதே வண்டியில டிரெய்லரை மாட்டி நெல் மூட்டையோட பொன்னேரிக்கு ஹை கியர்ல ஓடறோம். இன்ஜின் ஒண்ணுதான், குதிரை சக்தி ஒண்ணுதான். இழுவை கூடினா வேகம் குறையும், வேகம் கூடினா இழுவை குறையும். ரயில் இன்ஜின்ல கியரை ஓடும்போது மாத்த முடியாது. தொழிற்சாலையில வச்சது வச்சதுதான். அதனால ரெண்டு பேரு வச்சுட்டாங்க.

கூட்ஸ் இன்ஜின்ல 77 பல்லும் 15 பல்லும். எக்ஸ்பிரஸ்ல 72ம் 20ம். நான் அட்டைப்பெட்டி ஓரத்துல வகுத்துப் பாத்தேன். ஒண்ணு 5.13, இன்னொண்ணு 3.6. எக்ஸ்பிரஸ் இன்ஜின் கிளம்பும்போது இழுவை 33 டன். அதை 5.13ல பெருக்கி 3.6ல வகுத்தா 47 டன். கூட்ஸ் இன்ஜினோட இழுவை அதுதான்! வேகத்தையும் அதே மாதிரி போட்டா 140க்கு 98 வருது, 100ன்னு வச்சுக்கலாம். நாற்பது வருஷத்துக்கு முன்னாடி எட்டாம் கிளாஸ் வாத்தியார் சொல்லிக்கொடுத்த கணக்கு, சரியா வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கலை.

அப்புறம் கேட்டேன், "அப்ப கியர்ப் பல்லை மட்டும் மாத்தினா மத்தது தானா மாறிடுமா இதுல?"

அதுதான் இல்லைன்னான். அவன் வச்சிருந்த ஃபைல்ல பல்லுக்கு இடமே இல்லை. இழுவைக்கு ஒரு வரி, வேகத்துக்கு ஒரு வரி, எந்த வேகத்துல எவ்வளவு இழுவைன்னு ஒரு பெரிய பட்டியல். ஒவ்வொண்ணையும் தனித்தனியா திருத்தணும். ஒண்ணைத் திருத்தி இன்னொண்ணை மறந்தா, உலகத்துல எங்கயுமே இல்லாத இன்ஜின் ஒண்ணு உருவாயிடும். பாக்கறதுக்கு சரியா இருக்கும். நாலாயிரம் டன் வண்டியை மாட்டினா அப்பத்தான் பல்லை இளிக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒண்ணு இருந்துச்சு. பழைய முறையில ஒரு இன்ஜின்லேர்ந்து இன்னொண்ணு செய்யணும்னா அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பாங்க. படம், சத்தம், டிரைவர் கேபின் எல்லாம் சேத்து. அவன்கிட்ட அந்த மாதிரி ஒரே இன்ஜினுக்கு பதினோரு காப்பி இருந்துச்சு. பிரேக் கணக்குல ஒரு தப்பு கண்டுபிடிச்சான்னா பதினோரு இடத்துல திருத்தணும். ஒன்பதுல திருத்துவான், ரெண்டை மறந்துடுவான். அப்புறம் அந்த ரெண்டு மட்டும் ஏன் ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நிக்குதுன்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்குவான்.

"நம்ம வீட்டுல டிராக்டர் ஒண்ணுதானடா இருக்கு. சேடை ஓட்ட ஒண்ணு, ரோட்டவேட்டருக்கு ஒண்ணு, டிரெய்லருக்கு ஒண்ணுன்னு மூணா வாங்கி வச்சிருக்கோம்? பின்னாடி மாட்டறதைத்தானே மாத்தறோம்?"

நான் ஏதோ பெருசா யோசனை சொல்லிட்டேன்னு நினைச்சேன். அவன் சிரிச்சுட்டு, "அதுக்கு ஏற்கனவே வழி வச்சிருக்காங்கப்பா, நான்தான் பழைய பழக்கத்துல காப்பி எடுத்துக்கிட்டே இருந்தேன்"னான். ஓப்பன் ரெயில்ஸ்ல, இன்ஜின் ஃபோல்டருக்குள்ள ஓப்பன்ரெயில்ஸ்னே பேர் வச்சு ஒரு சின்ன ஃபோல்டர் போட்டு, அதுல ஒரு துண்டு ஃபைல் வைக்கலாமாம். முதல்ல 'இன்க்ளூட்'னு ஒரு வரி. அதாவது, பழைய ஃபைலை முழுசா எடுத்துக்கோன்னு அர்த்தம். அதுக்குக் கீழ எது மாறுதோ அதை மட்டும் எழுதணும். இழுவை இவ்வளவு, வேகம் இவ்வளவு. நாலு வரி, அஞ்சு வரி. மத்ததெல்லாம் பழைய ஃபைல்ல என்ன இருக்கோ அது. பழைய ஃபைல் மேல கை வைக்க வேண்டியதே இல்லை.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்தக் கடைசி விஷயம்தான். அந்த இன்ஜினை முதல்ல செஞ்சவன் யாரோ, எந்த ஊர்க்காரனோ, மாசக்கணக்கா உக்காந்து செஞ்சு சும்மா கொடுத்திருக்கான். அதைக் கிறுக்கி வைக்கக் கூடாது. சில பேர் என் ஃபைலைத் திருத்தி உன் பேர்ல வெளிய விடாதேன்னும் எழுதி வச்சிருக்காங்க, நியாயம்தானே. இந்த முறையில அவன் பொருள் அவன்கிட்டயே இருக்கு. நம்ம துண்டு நம்மகிட்ட. வேணும்கறவனுக்கு நம்ம துண்டை மட்டும் கொடுத்தாப் போதும். நாளைக்கு அவன் தன் ஃபைல்ல படத்தையோ பிரேக்கையோ நல்லா செஞ்சு போட்டா நமக்கும் அது தானா வந்துடும். குத்தகைக்கு எடுத்த கழனியில வரப்பை வெட்டாம பயிர் மட்டும் வைக்கிற மாதிரி.

கியர்ப் பல்லுக்கு இடம் இல்லாததை அவன் வேற மாதிரி சரி பண்ணினான். எக்செல் ஷீட் ஒண்ணு செஞ்சான். ரெண்டு பல் எண்ணிக்கையைப் போட்டா இழுவை, வேகம், பட்டியல் எல்லாம் அதுவே கணக்குப் பண்ணிக் கொடுக்கும், அதை எடுத்துத் துண்டு ஃபைல்ல ஒட்டிக்கலாம். அந்த ஷீட்டுக்கு "அப்பா"ன்னு பேர் வச்சிருக்கான். இதை எழுதினதுக்குத் திட்டுவான், திட்டட்டும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். எதை வேணும்னாலும் மாத்தலாம்னு திறந்து விட்டுட்டா ஜனங்க சும்மா இருக்க மாட்டாங்க. ஆறாயிரம் குதிரைக்குப் பதிலா இருபதாயிரம் போட்டு ஓட்டுறவங்களும் உண்டாம். நானும் ஒரு நாள் போடச் சொல்லிப் பாத்தேன், ஆசை யாரை விட்டுச்சு. கிளம்பவே இல்லை. சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது. 123 டன் எடை தண்டவாளத்தை எவ்வளவு அழுத்துதோ அந்த அளவுக்குத்தான் பிடி கிடைக்கும், மழைன்னு வச்சா அதுவும் குறைஞ்சிடும்னு சொன்னான். சேத்துல டிராக்டர் மாட்டிக்கிட்டா ரேஸ் கொடுத்து என்ன பிரயோஜனம். அதுக்குத்தானே டயர்ல தண்ணி ரொப்பறோம், முன்னாடி இரும்புக் கட்டி மாட்டறோம். ரயில்வேக்காரங்களும் அதைத்தான் செஞ்சிருக்காங்க. அந்தக் கூட்ஸ் இன்ஜின்லயே எடையை 132 டன்னாக் கூட்டி டபிள்யூஏஜி-9எச்னு இன்னொரு ரகம் விட்டாங்க. பையன் அதுக்கும் ஒரு துண்டு ஃபைல் போட்டுட்டான். எடைக்கு ஒரு வரி, இழுவைக்கு ஒரு வரி. அவ்வளவுதான், புது இன்ஜின் ரெடி.

அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல நானும் போய் உக்கார ஆரம்பிச்சேன். என் பொண்டாட்டி, "அவன்தான் அப்படின்னா நீங்களுமா"ன்னு கேட்டா. டீசல் இன்ஜின் வந்தப்பத்தான் என் காதுக்கு வேலை வந்துச்சு.

எங்க லைன்ல கரண்ட் எனக்கு விவரம் தெரியற வயசுக்கு முன்னாடியே வந்துடுச்சு. ஆனாலும் டீசல் இன்ஜின் ரொம்ப வருஷம் ஓடிச்சு. டபிள்யூடிஎம்-2னு பேர், ஆல்கோன்னும் சொல்லுவாங்க. 1962ல அமெரிக்காவுலேர்ந்து வந்தது, அப்புறம் வாரணாசியில செஞ்சாங்க. 2,600 குதிரை சக்தி. பொன்னேரியில நின்னு கிளம்பும்போது தரையே அதிரும். பையன் அதை ஓட்டிக் காட்டினான். முதல் நாட்ச்லேர்ந்து எட்டாவது நாட்ச்சுக்குத் தள்ளினதும் சத்தம் உடனே உச்சத்துக்குப் போயிடுச்சு.

"இது ஆல்கோ இல்லைடா"ன்னேன்.

"நம்பர் எல்லாம் சரிதாம்பா. சும்மா நிக்கும்போது 400 சுத்து, உச்சத்துல 1,000."

"உச்சம் சரி. போய்ச் சேர்ற விதம் சரி இல்லை. ஆல்கோ தயங்கும். கரும்புகை ஒரு கொத்து கக்கும். மனசு வந்த மாதிரி அப்புறம்தான் ஏறும். நம்ம பழைய டீசல் பம்புசெட்டை நினைச்சுக்கோ. ஆக்சிலேட்டரைத் தூக்கினதும் ஒரு தடவை மூச்சு முட்டுமே."

சுத்து எவ்வளவு சீக்கிரம் ஏறணும், எவ்வளவு சீக்கிரம் இறங்கணும்னு அந்த ஃபைல்ல தனித்தனி வரி இருக்கு. ஒரு நம்பரைக் குறைச்சான். கேட்டேன். இன்னும் கொஞ்சம். கேட்டேன். நாலாவது தடவை கண்ணை மூடிக்கிட்டேன், பொன்னேரி பிளாட்பாரம் வந்துடுச்சு. மீன் கூடை நாத்தம் மட்டும்தான் இல்லை. அவன் பொறந்து விவரம் தெரியறதுக்குள்ள அந்த இன்ஜின் எங்க பக்கம் குறைஞ்சு போச்சு. நம்பர் அவன்கிட்ட இருந்துச்சு, சத்தம் என்கிட்ட இருந்துச்சு.

சிக்னல் விஷயத்தை நான் கேக்கணும்னு இருந்தேன், தைரியம் வரலை. அவனே ஒரு நாள் சொன்னான். சிக்னல் விளக்கோட கலரும் ஒரு ஃபைல்ல நம்பராத்தான் இருக்குதாம். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவுன்னு. அவன் தன் கம்ப்யூட்டர்ல பச்சைக்குக் கொஞ்சம் நீலத்தைக் கூட்டி வச்சிருக்கான். அப்ப அவனுக்குப் பிரிச்சுத் தெரியுது.

"நிஜத்துல பகல்ல பிரச்சினை இல்லைப்பா. சிவப்பு எப்பவும் கீழதான் இருக்கும், இடத்தை வச்சே சொல்லிடுவேன். ராத்திரியில கம்பம் தெரியாது, ஒரே ஒரு வெளிச்சம்தான் தெரியும். அது மேல இருக்கறதா கீழ இருக்கறதான்னு எப்படிச் சொல்றது? என்னை எடுக்காதது கரெக்ட்தான்."

அவன் அதைச் சொன்னது வருத்தமாச் சொன்ன மாதிரி இல்லை. ஒரு ஃபைலைப் படிச்சுச் சொல்ற மாதிரிதான் சொன்னான். ஆயிரம் பேர் உக்காந்திருக்கற வண்டி. ஒருத்தன் கண்ணுக்காக நிஜ சிக்னலை மாத்த முடியாது, மாத்தவும் கூடாது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி அந்த நீலம் கலந்த பச்சையைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மிளகாய்க் கொல்லையைப் பத்தி அப்பத்தான் அவன்கிட்ட பேசினேன். "அன்னிக்கு அடிச்சிருக்கக் கூடாதுடா"ன்னேன். "எந்த அன்னிக்குப்பா?"ன்னு கேட்டான். மறந்துட்டானா, மறந்த மாதிரி சொன்னானான்னு எனக்குத் தெரியலை.

இப்ப ஏரிக்கரை குப்பத்துலேர்ந்து ஒரு பையன் சாயங்காலம் சைக்கிள்ல வர்றான். அப்பா படகு வச்சிருக்கார். பையன் லோகோ பைலட்டுக்குப் படிக்கிறான். கண் டெஸ்ட் முதல்லயே எடுத்துட்டு வரச் சொல்லிட்டோம், சரியா இருக்கு. என் பையன் அவனுக்கு இன்ஜினைப் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லிக் கொடுக்கறான். எடையைக் குறைச்சு ஓட்டச் சொல்லுவான், எங்க வழுக்குதுன்னு பாருன்னுவான். கியரை மாத்தி ஒரே சரக்கு வண்டியை ரெண்டு இன்ஜின்லயும் மாட்டிக் காட்டுவான். அம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ரெண்டும் ஏறக்குறைய ஒரே இழுவைதான், வித்தியாசம் பூரா கிளம்பற இடத்துலதான்னு அந்தப் பையனே போன வாரம் கண்டுபிடிச்சுச் சொன்னான். ஒரே குதிரை சக்தின்னா அப்படித்தானே வரணும்.

அவங்க அப்பாவும் ஒரு தடவை வந்தார். மேல கம்பியில வர்றது ஒரு ஃபேஸ் கரண்ட், 25,000 வோல்ட், இன்ஜின் உள்ளதான் அதை மூணு ஃபேஸா மாத்திக்குதுன்னு என் பையன் சொன்னதும் அவர் என்னைப் பாத்து, "அண்ணே, நீங்க ரெண்டு ஃபேஸ்ல கண்டென்சர் போட்டு ஓட்டுறீங்களே, அந்த மாதிரியா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த மாதிரிதான்னு வச்சுக்கலாம், நம்மது எரியும், அது எரியாது.

நேத்து ராத்திரி என்னையே ஓட்டச் சொன்னாங்க. டபிள்யூஏஜி-9எச், பின்னாடி 58 பெட்டி நிலக்கரி. 'டி' பட்டனை அழுத்தினா பவர் ஏறும். ஒவ்வொண்ணா அழுத்தினேன். வண்டி அசையவே இல்லை. பின்னாடி கொக்கி ஒண்ணொண்ணா இறுகுற சத்தம் மட்டும் கேக்குது. குப்பத்துப் பையன், "அவசரப்படாதீங்க பெரியப்பா, வழுக்கிடும்"னான். அசைஞ்சுது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, சேத்துல கேஜ் வீல் நகர்ற மாதிரி.

முதல் சிக்னல் வர்றதுக்குள்ள பதினொண்ணு அடிச்சுடுச்சு. மூணு ஃபேஸ் கரண்ட் வர்ற நேரம். கீரைப் பாத்திக்குத் தண்ணி கட்டணும், டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். மிச்சத்தை அவன் ஓட்டிக்கிட்டிருந்தான்.